எல்லா வழக்கிலும் சாட்சி

சித்தூர், திருப்பதி கோர்ட்டுகளில் கறுப்புக் கோட்டு போட்டு நடக்கிறவர்களில் பாதிப் பேர் என்னைக் குறுக்கு விசாரணை செய்தவர்கள். என் முகத்துக்கு நேராகப் பொய்யன் என்றிருக்கிறார்கள். பிறகு கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் வக்கீல் இல்லை. குற்றவாளியும் இல்லை. சித்தூரில் ஒரு சட்டக் கல்லூரியில் அட்டெண்டராக இருந்தேன். ரிட்டையர் ஆகிவிட்டேன். எட்டாவது வரை படிப்பு. எழுதிப் பழக்கம் கிடையாது.

ஹேமலதாதான் எழுதச் சொன்னாள். எங்கள் கல்லூரியில் படித்த பெண், பிச்சாட்டூர்க்காரி. இப்போது திருப்பதியில் வக்கீல். வாரத்தில் சில மணி நேரம் எங்கள் கல்லூரிக்கே வந்து பாடமும் எடுக்கிறாள். போன மாதம் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். மாதிரி கோர்ட்டு ஹாலில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது, பார்க்க வாருங்கள் என்றாள்.

போனேன். சாட்சிக் கூண்டு இருந்த இடத்தில் பெரிய திரை. திரையில் ஒரு மனிதன். நிஜ மனிதன் இல்லை. கம்ப்யூட்டர் செய்த மனிதன். மாணவர்கள் கேள்வி கேட்கிறார்கள், அவன் தெலுங்கில் பதில் சொல்கிறான்! தமிழில் கேட்டால் தமிழில் சொல்கிறான்!

"இன்னாண்ணா, உங்க வேலைய புட்ங்கிக்கினான் பாத்தீங்களா?" என்றாள் ஹேமலதா.

"நான் தான் ரிட்டையர் ஆயிட்டனே. துன்னுட்டுப் போறான். நான் ரெண்டு கேள்வி கேக்கலாமா?"

கேட்டேன். ரெண்டு இல்லை, நிறைய. இத்தனை வருஷமாக என்னைத்தான் எல்லோரும் கேட்டார்கள். கேட்கிற பக்கம் நான் நின்றதே இல்லை. என்ன சுகம் அது! மாணவர்கள் கை தட்டினார்கள். ஒரு குறை மட்டும் சொன்னேன். அவன் எச்சில் விழுங்குவதில்லை. மாட்டிக்கொண்ட சாட்சி பதிலுக்கு முன்னால் ஒருமுறை எச்சில் விழுங்குவான். எனக்கு அது தெரியும்.

"இதெல்லாம் எழுதுங்கண்ணா. வசுந்தரா மேடம் கதையும் எழுதுங்க. தேவராஜ் கேஸும் எழுதுங்க. நீட்டாதீங்க."

"நான் எப்ப நீட்டினேன்?"

"அதுக்குத்தான் உங்கள எழுதச் சொல்றேன்."

சரி. எழுதுகிறேன்.

என் ஊர் புத்தலப்பட்டு பக்கம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. நைனா நிலத்தைப் பார்த்தார். எனக்கு நிலம் ஒத்து வரவில்லை. கல்லூரியில் தண்ணீர் ஊற்ற ஆள் கேட்டார்கள். போனேன். தண்ணீர் ஊற்றினேன், மணி அடித்தேன், ஃபைல் தூக்கினேன். அட்டெண்டர் ஆக்கினார்கள். அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

வசுந்தரா மேடம் வந்தபோதுதான் வேலை வேலையாக ஆனது. கிரிமினல் சட்டம் நடத்த வந்தவர். பருத்திப் புடவை, பெரிய கண்ணாடி. தெலுங்குக்காரர், ஆனால் தமிழ் புரியும், உடைத்து உடைத்துப் பேசவும் செய்வார். அந்தச் சமயம் சைபர் சட்டம் என்று புதிதாக ஒரு பேப்பர் வந்தது. யாருக்கும் வேண்டாம். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் மேடத்தைப் பார்த்தார்கள். புதிதாக வந்தவர் தலையில்தானே கட்டுவார்கள். மேடம் மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார். "துணியை எடுங்க, ஏகாம்பரம் காரு" என்றார். அதுவரை என்னை யாரும் மரியாதையாக 'காரு' போட்டுக் கூப்பிட்டதில்லை.

முதல் வகுப்பு. கம்ப்யூட்டர் பெட்டியை மாதிரி கோர்ட்டுக்குத் தூக்கி வரச் சொன்னார். சாட்சிக் கூண்டில் ஒரு ஸ்டூல் போட்டு அதன் மேல் வைக்கச் சொன்னார். வைத்தேன்.

"இவர்தான் இன்றைக்குச் சாட்சி. விசாரியுங்கள்" என்றார் மாணவர்களிடம்.

சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. சிரிப்பு நின்றது.

"இது பேசாதே மேடம்" என்றான் ஒருவன்.

"பேசாது. ஆனால் இதற்குள்தான் எல்லாம் இருக்கிறது. அப்போது யாரைக் கேட்பீர்கள்?"

யோசித்தார்கள். "இதைப் பார்த்துக்கொள்கிற ஆளை" என்றது ஒரு பெண்.

"யார் அந்த ஆள்?"

எல்லோரும் திரும்பினார்கள். நான் பிளக் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"ஏகாம்பரம் காரு, ஏறுங்க."

ஏறினேன். அன்றைக்கு ஏறியவன் ரிட்டையர் ஆகிறவரை இறங்கவில்லை. பெட்டிக்குப் பதிலாகப் பேசுகிற ஆள் நான். கல்லூரியில் சில சமயம் பேங்க் மேனேஜர், சில சமயம் கேமரா வைத்த லாட்ஜ்காரன், சில சமயம் போன் தொலைத்தவன். எந்த வேஷம் என்று காலையில் மேடம் ஒரு வரி சொல்வார். மதியம் வியர்க்க விறுவிறுக்க மாணவர்கள் வருவார்கள். நான் கூண்டில் கை கட்டி நிற்பேன். பிடித்திருந்தது. சொல்லப்போனால் அதற்காகத்தான் லீவு போடாமல் வேலைக்குப் போனேன்.

மேடம் நடத்துகிற விதமே வேறு. குரல் உயராது. சாக்பீஸ் இடது கையில் இருக்கும், எழுத மாட்டார். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்பார். வகுப்பில் செய்து காட்ட வேண்டும். யார் எங்கே நின்றார், எந்தக் கையால் கொடுத்தார், எதைப் பார்த்தார். எல்லாம் நடித்துக் காட்ட வேண்டும். நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"சூசாவா, அனுகுன்னாவா?"

பார்த்தாயா, நினைத்துக்கொண்டாயா என்று அர்த்தம். எவ்வளவோ பெரிய வாய்க்காரப் பையன்கள் அந்தக் கேள்வியில் உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கும் அது தொற்றிக்கொண்டது. வீட்டில் என் பெண்சாதி "தெருவுல மழ வருது" என்றால், "பாத்தியா, நெனச்சியா?" என்பேன். திட்டு விழும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். சாட்சிச் சட்டம் மொத்தமும் மாறி புதுச் சட்டம் வந்தது. மேடம் ரிட்டையர் ஆகப் போகிற நேரம். பழைய நம்பர்கள் எல்லாம் தலைகீழ். மற்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். மேடம் முதல் வருஷப் பெண் மாதிரி புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டர் ஃபைலுக்கும் கைரேகை மாதிரி ஒன்று உண்டு என்று காட்டினார். திரையில் ஒரு கடிதத்தைப் போட்டார். கீழே நீளமாக எழுத்தும் நம்பரும் வந்தது. "பாருங்க" என்று கடிதத்தின் கடைசியில் ஒரு புள்ளி வைத்தார். ஒரே ஒரு புள்ளி. கீழே இருந்தது மொத்தமும் மாறிவிட்டது!

"அய்யய்யோ!" என்று கத்திவிட்டேன். நான் கதவோரம் டஸ்டரோடு நின்றிருந்தவன்.

"மறுபடி செய்யட்டுமா, ஏகாம்பரம் காரு?" என்றார் மேடம்.

"செய்யிங்க மேடம்!"

வகுப்பு முடிந்த பிறகும் எனக்காக இன்னும் இரண்டு முறை செய்தார்.

இனி தேவராஜ் கேஸ். இது மேடம் ரிட்டையர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது.

கல்லூரியில் இலவசச் சட்ட உதவிக்கு ஒரு ரூம் உண்டு. ஒரு மேஜை, இரண்டு பெஞ்சு. ஒருநாள் நகரியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் கஸ்தூரி. தெலுங்கு அவ்வளவாக வராது. என்னைப் பார்த்ததும் தமிழில் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, எங்க ஊட்டுக்காரர போலீசு இட்டுக்கினு போயி ஜெயில்ல போட்டு, இப்பதான் ஜாமீன்ல உட்டாங்க. இன்னா தப்பு பண்ணாருன்னு அவருக்கே தெரியல."

அவள் புருஷன் தேவராஜ். விசைத்தறி ஓட்டுகிறவர். திருப்பதிக்குச் சாமி கும்பிட வந்த ஒரு வெளியூர்க் குடும்பத்துக்கு யாரோ போன் செய்து, ரூம் போட்டுத் தருகிறேன் என்று ஏமாற்றிவிட்டான். அந்த போன் நம்பர் தேவராஜ் பெயரில் இருந்தது. அவர் கைரேகை வைத்து வாங்கிய சிம். தேவராஜ் ரோட்டோரக் குடைக் கடையில் வாங்கியது ஒரே சிம். அது வேறு நம்பர். இந்த நம்பரை அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ரேகை அவருடையது. கேஸ் திருப்பதி கோர்ட்டில். தண்டனை வந்தால் ஜெயில். அதற்குள்ளேயே தறி முதலாளி வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார். ஊரில் 'ஃபிராடு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் தேவராஜை வரச் சொன்னார் மேடம். கதை கேட்கவில்லை. நேராக மாதிரி கோர்ட்டுக்கு அழைத்துப் போனார்.

"ஏகாம்பரம் காரு சிம் விற்கிறவர். இந்த மேஜைதான் அவர் குடைக் கடை. இது ரேகை மிஷின்." என்னிடம் ஒரு டஸ்டரைக் கொடுத்தார். "தேவராஜ், அன்றைக்குச் செய்த மாதிரி செய்யுங்க."

தேவராஜ் கூச்சப்பட்டார். பிறகு வந்தார். டஸ்டர் மேல் கட்டை விரலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் மூணு தடவை?"

"பதியல மேடம். தறிக்காரன் கையில ரேகை எங்க இருக்குது? நூலே துன்னுட்ச்சி. ரேஷன் கடையிலயும் இதே கததான். அவன் மறுபடி வை, மறுபடி வைன்னான். வச்சேன்."

"பதியலன்னு பார்த்தீங்களா, அவன் சொன்னானா?"

தேவராஜ் டஸ்டரை என் பக்கம் திருப்பினார். "மிஷினு அவன் பக்கம் திரும்பி இருந்திச்சி மேடம். அவன் சொன்னான்."

மேடம் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். எனக்கும் விஷயம் புரிந்தது. ஒரு முறை பதியாமல் போனது நிஜம். இரண்டாவது முறை பதிந்துவிட்டது. அதை அவன் சொல்லவில்லை. மூன்றாவதாக வைத்த விரலில் இன்னொரு சிம் எடுத்துக்கொண்டான்!

ஆனால் இதை யார் நிரூபிப்பது? கல்லூரியில் முழு நேரச் சம்பளம் வாங்குகிறவர் கோர்ட்டில் வாதாடக் கூடாது. மேடத்தால் முடியாது. ஹேமலதாவைக் கூப்பிட்டார். அப்போது அவள் புது வக்கீல். கோட்டு கூட இன்னும் மடிப்பு கலையாமல் இருந்தது.

"மேடம், எனக்குப் பயமா இருக்குது" என்றாள்.

"நல்லது. நாளையிலிருந்து சாயங்காலம் வா" என்றார் மேடம்.

தினமும் ஒத்திகை. நான் சிம் விற்கிறவன். மேடம் எனக்கு ஒரு வரி சொன்னார்: "உண்மை பேசாதீங்க. அவன் பேச மாட்டான்." எனக்கு அதைவிட என்ன வேண்டும்? எதைக் கேட்டாலும் "ஞாபகம் இல்லீங்க" என்றேன். எத்தனை தடவை விரல் வைத்தார்? ஞாபகம் இல்லீங்க. எந்தக் கையில் சிம் கொடுத்தீர்கள்? ஞாபகம் இல்லீங்க. ரெண்டு சிம் கேட்டார், ரெண்டு கொடுத்தேன், அவ்வளவுதான் ஞாபகம்.

ஹேமலதாவால் அதைத் தாண்ட முடியவில்லை. பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கஸ்தூரி எழுந்துவிட்டாள். "இன்னாண்ணா நீங்க! வாய் கூசாம இப்டி பொய் பேசினா அவன் ஜெயிச்சிடுவானே!"

"அதுக்குத்தாம்மா பேசறேன்."

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் நான் தயங்காமல் பதில் சொல்வேன். அது ஆபத்தில்லாத கேள்வி. "விரல் பதியலைன்னா கஸ்டமர்கிட்ட என்ன சொல்வீங்க?" என்பாள். "மறுபடி வைங்கன்னு சொல்வேன்" என்பேன். அங்கிருந்து அவள் மேலே ஏறப் பார்ப்பாள். நான் மறுபடி ஞாபக மறதியில் போய் விழுவேன். இதே கேள்வி, இதே பதில், எத்தனை சாயங்காலம்!

வாய்தா நாள் வந்தது. முந்தின வாய்தாவில் போன் கம்பெனி அதிகாரி சாட்சி சொல்லிவிட்டுப் போயிருந்தார்: அன்றைக்கு முதல் தடவை ரேகை பதியவில்லை, இரண்டாவதும் மூன்றாவதும் பதிந்தது, இரண்டு சிம் எடுக்கப்பட்டது. இன்றைக்கு சிம் விற்றவன் சாட்சி. சித்தூரிலிருந்து பஸ் பிடித்து மேடமும் நானும் திருப்பதி போனோம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். தேவராஜ் கூண்டில் தலை குனிந்து நின்றிருந்தார்.

சிம் விற்றவன் நல்ல சட்டை போட்டு வந்தான். ஹேமலதா எழுந்தாள். ஆரம்பித்தாள். அவன் சொன்ன முதல் பதில் என்ன தெரியுமா?

"ஞாபகம் இல்லீங்க."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். எது கேட்டாலும் ஞாபகம் இல்லை. அச்சு அசல் நான்! ரெண்டு சிம் கேட்டார், கொடுத்தேன், அது மட்டும் ஞாபகம். ஹேமலதாவின் குரல் இறங்கிக்கொண்டே போனது. தேவராஜ் விரல்களை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டார். மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போது அந்தக் கேள்வியைக் கேட்டாள். "விரல் பதியலைன்னா கஸ்டமர்கிட்ட என்ன சொல்வீங்க?"

அவன் பேசவில்லை. எச்சில் விழுங்கினான். எனக்குக் கால் நிற்கவில்லை. எழுந்தேன்.

"மறுபடி வைங்கன்னு சொல்வேன்!"

என் குரல்தான். கோர்ட்டு முழுக்கத் திரும்பியது. மேடம் என் சட்டையைப் பிடித்தார். அப்போதுதான் எனக்கு எங்கே இருக்கிறேன் என்று புரிந்தது.

மாஜிஸ்ட்ரேட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரய்யா நீ?"

"சாட்சிங்க ஐயா." வாயில் அதுதான் வந்தது.

"எந்தக் கேசில்?"

"எல்லா கேஸ்லயும் சாட்சிதாங்க ஐயா."

கோர்ட்டு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சாட்சிக்குச் சொல்லிக் கொடுத்ததாக ஆகிவிட்டால் ஹேமலதா கதி என்ன, தேவராஜ் கதி என்ன? அப்போது சர்க்கார் வக்கீல் எழுந்தார். எதிர்த் தரப்புக்காரர். ஆனால் எங்கள் கல்லூரியில் படித்தவர்.

"மன்னிக்கணும் சார். இவர் எங்க காலேஜ் அட்டெண்டர். மாதிரி கோர்ட்டில் இத்தனை வருஷமாக இவர்தான் சாட்சி. நானே இவரைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறேன். பழக்க தோஷம், வேறு எதுவும் இல்லை."

மாஜிஸ்ட்ரேட் ஒரு ஃபைலை முகத்துக்கு நேரே தூக்கினார். இறக்கும்போது முகம் சரியாகியிருந்தது. "வெளியே போய் நில்லுங்கள்" என்றார். ஹேமலதாவையும் எச்சரித்தார். "சாட்சி தானாகப் பதில் சொல்லட்டும்."

வெளியே போனேன். வெளியே என்றால் வராந்தா. ஜன்னல் திறந்திருந்தது.

சிரிப்பு சிம் விற்றவனைக் குத்திவிட்டது. தன்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்தான். ஞாபக மறதியை மறந்தான்.

"அதெல்லாம் பொய்ங்க! மறுபடி வைன்னு நான் யாருகிட்டயும் சொல்றதே இல்ல. என் மிஷின்ல ஒரே தடவைல பதியும்!"

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஹேமலதாவின் முதுகு நிமிர்ந்தது. அதைப் பார்த்தேன். நினைத்துக்கொள்ளவில்லை, பார்த்தேன்.

"நிச்சயமாகத் தெரியுமா?"

"நிச்சயம்."

"முதல் தடவை பதியவில்லை என்று கம்பெனி அதிகாரி இதே கோர்ட்டில் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொன்னாரா?"

அவன் சர்க்கார் வக்கீலைப் பார்த்தான்.

"இரண்டாவது தடவை விரல் வைக்கச் சொன்னது யார்?"

"...நான்தான் சொல்லியிருப்பேன்."

"இரண்டாவது பதிந்தது. பார்த்தீர்களா, நினைத்துக்கொண்டீர்களா?"

உள்ளே மேடம் கண்ணாடியைக் கழற்றுவது தெரிந்தது.

"பார்த்தேன்."

"பதிந்துவிட்டது என்று அவரிடம் சொன்னீர்களா?"

அவன் தண்ணீர் கேட்டான். கொடுத்தார்கள். குடித்தான். மாஜிஸ்ட்ரேட் பேனாவை எடுத்துக்கொண்டு தானே கேட்டார். "ஸ்கிரீனை அவருக்குக் காட்டினாயா?"

"இல்லீங்க ஐயா."

"மூன்றாவது தடவை என்ன சொல்லி விரல் வைக்கச் சொன்னாய்?"

அவன் கீழே பார்த்தான். "மறுபடி வைன்னு சொன்னேன்."

கோர்ட்டு கலைந்த பிறகு டீக்கடையில் நின்றோம். மேடம் திட்டுவார் என்று காத்திருந்தேன். டீயை முழுக்கக் குடித்தார். பிறகு சொன்னார்:

"இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, உங்களைக் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னீங்க, ஏகாம்பரம் காரு."

ஹேமலதாவுக்குப் புரை ஏறிவிட்டது.

தீர்ப்பு நாளில் எல்லோரும் போனோம். மாஜிஸ்ட்ரேட் படித்தார். கஸ்தூரிக்குப் புரியவில்லை. என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"இன்னாண்ணா சொல்றாரு? இன்னா?"

"உட்டுட்டாரும்மா. விடுதலை. சிம் வித்தவன் மேல விசாரிக்கச் சொல்லிட்டாரு."

அழுவாள் என்று நினைத்தேன். ஓடிப் போய் தேவராஜ் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "இனிமே கண்ட கண்ட எடத்துல வெரல வப்பியா?" பிறகுதான் அழுதாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். தேவராஜ் கேஸ் முடிகிறவரை போனையே தொடாதவர். திடீரென்று நின்றார். ஓரத்தில் ஒரு குடை. குடைக்குக் கீழே சிம் விற்கிற ஒரு பெண்.

"ஒரு சிம்மு வாங்கிக்கறேன்" என்றார்.

கஸ்தூரி முறைத்தாள். ஹேமலதா என்னைப் பார்த்தாள். மேடம், "வாங்கட்டும்" என்றார்.

தேவராஜ் கட்டை விரலை வைத்தார். அந்தப் பெண் மிஷினைப் பார்த்தாள். "படலண்ணா. மறுபடி வைங்க."

நாங்கள் நான்கு பேரும் ஒரே குரலில் கத்தினோம். "ஏன்?"

அந்தப் பெண் மிரண்டுவிட்டாள். தேவராஜ் கத்தவில்லை. விரலை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"மொதல்ல அத்த என் பக்கம் திருப்பும்மா."

திருப்பினாள். சிவப்பு எழுத்து. பதியவில்லைதான். அவள் பொய் சொல்லவில்லை. தேவராஜ் பிசுபிசுப்பு ஏற விரலை நெற்றியில் தேய்த்தார். குனிந்து, ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுக்காமல் வைத்தார். பச்சை வந்தது. விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

மேடம் கேட்டார். "சூசாவா?"

"பாத்தேன் மேடம்" என்றார் தேவராஜ்.